சாப்பாடு போட்டவர்களின் கோப்பை

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். உடற்கல்வி இயக்குநராக வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் மண்டல அளவிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை நடத்தும் பொறுப்பு அவர் கல்லூரிக்கு வந்துவிட்டது. பந்தல், மைக், தண்ணீர் கேன், சிறப்பு விருந்தினர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் போகிற போக்கில் இதையும் சொன்னார்.

“பெஸ்ட் பிளேயர் கப்பும் முடிவாயிடுச்சுங்க மேடம். எங்க டீம் கேப்டனுக்கே குடுத்துடலாம்னு சீனியருங்க சொல்லிட்டாங்க. போட்டி நடத்துற காலேஜுக்குக் குடுக்கறதுதானுங்களே வழக்கம்?”

போட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஒரு டீம்கூடப் பஸ் ஏறவில்லை. அதற்குள் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று முடிவாகிவிட்டதாம்! “அப்புறம் பேசறேன்பா” என்று போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைக் கண்டபடி திட்டியிருப்பேன். தப்பு அவர் மேல் இல்லை. அவருக்கு இதை வழக்கம் என்று சொல்லிக்கொடுத்த சீனியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். அவர்களும் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன். நன்றாகப் படிக்கட்டும்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் ஓய்வு பெறும் வரைக்கும் உங்கள் வேலையைத்தான் பார்த்தேன். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்ததும், கத்திக் கத்திக் குரல் ஆண்பிள்ளைக் குரலானதும்தான் நான் சம்பாதித்தது. எங்கே வாயைத் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பது மட்டும் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை என்று என் பிரின்ஸ்பால்கள் எல்லாரும் சொல்வார்கள்.

இந்த வழக்கம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டி நடத்தும் கல்லூரிதான் எல்லா டீமுக்கும் மூன்று வேளையும் சாப்பாடு போடும், தங்க ஹால் கொடுக்கும். முதலிடத்துக் கோப்பையும் இரண்டாமிடத்துக் கோப்பையும் ஜெயித்தவர்களுக்குப் போய்விடும். அப்படியென்றால் நடத்தியவர்களுக்கு என்ன மிச்சம்? அவர்கள் பிரின்ஸ்பால் முகம் மலர வேண்டாமா? அதற்காகத்தான் பெஸ்ட் பிளேயர் கோப்பை. எழுதாத சட்டம். ஆட்டக்காரிகளுக்கும் இது தெரியும். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சாப்பாட்டுக் கப்’.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். இருக்கிறது. பெஸ்ட் பிளேயர் ஆகிற பெண், தேர்வு எதுவும் இல்லாமல் நேராகப் பல்கலைக்கழக டீமின் பயிற்சி முகாமுக்குப் போகலாம். மற்றவர்களை ஃபைனல் ஆடிய இரண்டு டீம்களில் இருந்துதான் எடுப்பார்கள். ஃபைனலுக்கு வர முடியாத சின்னக் கல்லூரியில் ஒரு நல்ல ஆட்டக்காரி இருந்தால், அவளுக்கு இருக்கும் ஒரே வாசல் அந்தக் கோப்பைதான். அந்த வாசலில்தான் நாம் சாம்பார் அண்டாவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

நான் வேலையில் இருந்தபோது இதே மண்டலப் போட்டிக்கு அப்படி ஒரு பெண் வந்தாள். பெயர் ரூபா. மாரண்டஹள்ளிக்கும் மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், தக்காளி விவசாயம். அவள் கல்லூரியில் பி.டி. என்கிற உடற்கல்வி இயக்குநர் பணியிடம் வெகுகாலமாகக் காலி. அதனால் ஆங்கிலம் நடத்தும் மகாலட்சுமி என்ற சின்ன வயது விரிவுரையாளரை டீமுக்குப் பொறுப்பாக அனுப்பிவிட்டார்கள். வந்த அன்று காலையில் அவர் என்னிடம் வந்து நின்றார்.

“மேடம், எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. எப்பக் கை தட்டணும்னாவது சொல்லிக் குடுங்க.”

“உங்க பொண்ணுங்களப் பாத்துட்டே இருங்கம்மா. அதுவே தெரிஞ்சுடும்” என்றேன்.

நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று. மதியத்துக்குள் அந்த அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். ரூபா அப்படி ஆடினாள். உயரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். பந்து கேட்கும்போது, “இல்லி, இல்லி!” என்று கன்னடத்தில் கத்துவாள், ‘இங்கே’ என்று அர்த்தம். அவள் டீம் பெண்கள் அந்தக் குரல் வந்த பக்கம் கண்ணை மூடிக்கொண்டு பந்தைப் போட்டுவிடுவார்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். தன் டீம் பெண் ஒருத்தி தப்புச் செய்தால் முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான், முகம் சுளிக்க மாட்டாள். எத்தனையோ வருடம் விசில் ஊதியிருக்கிறேன், அப்படி ஒரு ஆட்டக்காரியை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை.

காலிறுதியில் அவர்கள் மோதியது போட்டியை நடத்தும் கல்லூரியோடு. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கட்டடம், பளபளப்பான யூனிஃபார்ம், சேலத்தில் இருந்து தனிக் கோச். அவர்கள் கேப்டன் அக்‌ஷயாதான் ரூபாவைத் தடுக்க நின்றாள். நல்ல பெண், உண்மையாக முயற்சி செய்தாள். ஆனால் ரூபாவை அன்றைக்குத் தடுக்க ஆள் கிடையாது. நடத்தும் கல்லூரி தோற்று வெளியே போனது. ஆட்டம் முடிந்ததும் அக்‌ஷயா மூச்சு வாங்கிக்கொண்டே ரூபாவிடம் போய், “அடிப்பாவி, உனக்குக் களைப்பே வராதா?” என்று கேட்டுச் சிரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அரையிறுதியில் ரூபாவின் டீம் தோற்றது. ஃபவுல் அதிகமாகி ஒவ்வொரு பெண்ணாக வெளியே போக, மாற்று ஆளும் தீர்ந்து, கடைசியில் கோர்ட்டில் ஐந்து பேர்கூட இல்லை. அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்காமல் கடைசி நிமிடம் வரை இழுத்தார்கள். ஜெயித்த டீமின் பெண்களே வந்து ரூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஃபைனல். வெளியே ஆட்டம் நடக்கிறது. உள்ளே, உடற்கல்வி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் கமிட்டி. மேசை மேல் பஜ்ஜியும் டீயும். வெளியே கூட்டம் ஆவென்று கத்தும்போதெல்லாம் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போவேன், மற்றவர்கள் சட்னி கேட்பார்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கிற அதிசயத்தை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? நடத்தும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர்தான் கன்வீனர். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“பெஸ்ட் பிளேயர் நம்ம அக்‌ஷயாதானுங்களே. எல்லாருக்கும் சம்மதந்தானே?”

“எனக்கு இல்லீங்க சார். ரூபாவுக்குத்தான் குடுக்கணும்” என்றேன்.

“அந்தப் பொண்ணு டீம் ஃபைனல்லயே இல்லீங்களே மேடம்.”

“உங்க பொண்ணு டீம் மட்டும் ஃபைனல்ல இருக்குதுங்களா? ரூபா டீம்கிட்டத் தோத்துதானே சார் வெளிய வந்தீங்க?”

“அது வேறங்க. எத்தனை டீமு, எத்தனை வேளை சாப்பாடு, எல்லாம் எங்க மேனேஜ்மென்ட் செஞ்சிருக்குது. ஒரு மரியாதை வேணுமில்லீங்களா?”

“சோறு போட்டதுக்குத்தான் கப்புன்னா சமையல்காரரைக் கூப்பிட்டு அவர் கையில குடுங்க சார். சாம்பார் நெசமாவே நல்லா இருந்துச்சு. ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க.”

ஒருவர் சிரித்தார், கன்வீனர் முறைத்ததும் அந்தச் சிரிப்பை டீயோடு விழுங்கிக்கொண்டார். இன்னொருவர் என்னைச் சமாதானப்படுத்த வந்தார். “போனா போவுதுங்க மேடம். அடுத்த வருஷம் உங்க காலேஜ்ல நடத்துங்க, உங்க பொண்ணுக்கு வந்துடும்.” என் பெண்ணுக்கு வேண்டும் என்று யார் ஐயா கேட்டது? ரூபா என் மாணவியே இல்லை. நியாயத்துக்காகப் பேசினாலும் தன் பங்குக்காகப் பேசுவதாகத்தான் இவர்கள் காதில் விழும்.

கதவுக்கு வெளியே மகாலட்சுமி நிற்பது தெரிந்தது. அவரை உள்ளே கூப்பிடுங்கள், அவர் டீமைப் பற்றிப் பேசுகிறோம், அவரும் பேசட்டும் என்றேன். கன்வீனர் எழுந்திருக்கவில்லை.

“அவங்க இங்கிலீஷ் மேடமுங்க. பி.டி. இல்லாத காலேஜுக்குக் கமிட்டியில இடம் கெடையாதுங்க.”

பாருங்கள் நியாயத்தை. பணியிடத்தை நிரப்பாதது ரூபாவின் குற்றமா? அவளுக்காகப் பேச ஆள் இல்லை என்பதாலேயே அவளுக்குக் கோப்பை இல்லை என்றாகிவிட்டது. கையைத் தூக்கச் சொன்னார்கள். நான்கு கைகள் உயர்ந்தன, அதில் ஒரு கையில் பாதி கடித்த பஜ்ஜி. என் கை மட்டும் கீழே இருந்தது.

வெளியே வந்தேன். ஃபைனல் முடிந்திருந்தது. மேடையில் மைக் தயாராக இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று நான்கைந்து எட்டு எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் முன்வரிசையில் அக்‌ஷயாவின் அம்மாவும் அப்பாவும் நல்ல துணி உடுத்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யாரோ முன்கூட்டியே சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். மைக்கில் நான் கத்தினால் கன்வீனருக்கு ஒன்றும் ஆகாது, அவருக்குத் தோல் தடிமன். அவமானம் எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் விழும். அவள் கேட்டு வாங்கவில்லையே. நின்றுவிட்டேன். கோபம் வரும்போது யார் மேல் போய் விழப் போகிறது என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அன்றைக்கு அந்த இடத்தில் நானாகத் தெரிந்துகொண்டது.

வேறு வழி ஒன்று தெரிந்தது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. “இப்ப வந்துருவாரு, பாலக்கோடு தாண்டிட்டாரு” என்று நெடுநேரமாக ஒரே பாட்டு. கோர்ட் சும்மா கிடந்தது. பல்கலைக்கழக டீமுக்கு ஆள் பார்க்க அனுப்பப்பட்ட பார்வையாளர் ஒருவர், வந்ததில் இருந்து பிரின்ஸ்பால் அறை ஏ.சி.யில் முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நேராக அங்கே போனேன்.

“சார், விருந்தினர் வர்ற வரைக்கும் காட்சி ஆட்டம் ஒண்ணு வெக்கிறோம். சாம்பியன் டீமுக்கு எதிரா மத்த டீம்கள்ல இருந்து பொறுக்கின ஆளுங்க. நீங்க வந்து உக்காந்தாத்தான் நல்லா இருக்கும்.”

அவரால் மறுக்க முடியவில்லை, பிரின்ஸ்பால் பக்கத்தில் இருந்தார். கன்வீனருக்கும் கூட்டம் கலையாமல் இருந்தால் சரி. நானே விசிலை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பொறுக்கின டீமில் ரூபாவையும் அக்‌ஷயாவையும் ஒரே பக்கம் போட்டேன்.

அந்த ஆட்டம் இருக்கிறதே! முந்தின நாள் தன்னைத் தடுத்து நின்றவளோடு, வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடிய மாதிரி ஆடினாள் ரூபா. “இல்லி!” என்று கத்த ஆரம்பித்தவள், கொஞ்ச நேரத்தில் கத்துவதை விட்டுவிட்டு, பந்தை அக்‌ஷயா கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அக்‌ஷயா தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு கூடை போட்டிருக்க மாட்டாள். சாம்பியன் டீம் திணறியது. பார்வையாளர் முந்திரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் விசில் ஊத வேண்டிய ஒரு இடத்தில் மறந்துபோய்க் கை தட்டிவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன். “பாத்தீங்களா சார்?”

“பாத்தேன் மேடம். அருமையான பொண்ணு. ஆனா விதி இருக்கே. பெஸ்ட் பிளேயர் நேரா முகாமுக்கு வரலாம், மத்தபடி ஃபைனல் ஆடின டீம்ல இருந்துதான் எடுக்க முடியும்.”

“அப்போ பெஸ்ட் பிளேயர மாத்தச் சொல்லுங்க சார்.”

“அது உங்க கமிட்டி விஷயமுங்க.”

கன்வீனரிடம் போனேன். “பல்கலைக்கழகமே சொன்னாத் தவிர கமிட்டி முடிவை மாத்த முடியாதுங்க” என்றார். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இப்படி லாகவமாகப் பந்தைப் பாஸ் செய்கிற ஆட்களை வைத்துக்கொண்டு நாம் ஏன் வெளியே டீம் தேடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் வெளியே பட்டாசு வெடித்தது. விருந்தினர் வந்துவிட்டார்.

மேடையில் அக்‌ஷயா பெயரை வாசித்தார்கள். கடைசி வரிசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்த ஆட்டக்காரிகளில் யாரும் கை தட்டவில்லை. நடத்தும் கல்லூரி மாணவர்கள் மட்டும் தட்டினார்கள். அக்‌ஷயா எழுந்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள். அவள் அம்மா போனில் படம் எடுக்க எழுந்து நின்றார். அந்தப் பெண் போய் வாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்வாள்? பின்வரிசையில் அப்போது ஒருத்தி மட்டும் கை தட்டினாள். அது ரூபா.

மகாலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான் பி.டி.யா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமாங்க மேடம்?” என்றார். ரூபாதான் வந்து அவர் பையை எடுத்துக்கொண்டாள்.

“வுடுங்க மேடம். வாங்க, பஸ்ஸு போயிரும். அப்புறம் வூட்டுக்குப் போறதுக்கு வண்டி கெடையாது.”

அவளுக்கு அது கடைசி வருடம். பல்கலைக்கழக டீமில் ஆடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள். அதைக்கூட மகாலட்சுமிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. அக்‌ஷயா முகாமுக்குப் போனாள். ஒரு நாளில் திரும்பி வந்துவிட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஆளைக் கேட்கவே இல்லை, காலியாகவே விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததும் கன்வீனருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன். மனிதர் அசரவில்லை. “ஆனது ஆயிடுச்சுங்க மேடம். அடுத்த வருஷம் எப்படியும் வேற காலேஜ்தானே நடத்துது” என்றார். அவருக்கு அடுத்த வருஷம் உண்டு. அவளுக்கு எங்கே இருக்கிறது அடுத்த வருஷம்?

கொஞ்ச நாள் முன்பு தர்மபுரி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் வந்து, “மேடம், தெரியுதுங்களா?” என்று கேட்டாள். அக்‌ஷயா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையாம். இன்னும் ஆடுகிறாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லீங்க மேடம். முகாம்ல ஆடவிட்டுப் பாத்தாங்க. நீதான் உங்க மண்டலத்துக்கே பெஸ்ட் பிளேயரான்னு கோச் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. வூட்டுக்கு வந்து ஷூவத் தூக்கிப் பரண்ல போட்டேன், அப்புறம் எடுக்கவே இல்ல.”

அவளே தொடர்ந்தாள்.

“ரூபாவும் எங்க கம்பெனிதாங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுதான். ஒரு நாளு அந்தக் கப்ப எடுத்துட்டுப் போயி, இது உன்னுதுடின்னு நீட்டினேன். வாங்கல மேடம்.”

“என்ன சொன்னா?”

“‘இது எனக்கும் இல்ல, உனக்கும் இல்லடி, சோத்துக்குக் குடுத்தது. நானும் அந்தச் சோத்தத் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு’ன்னா. சொல்லிட்டுச் சிரிக்கிறா மேடம். எனக்குத்தான் சிரிப்பு வரல.”

அவள் பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

“அன்னிக்கு உள்ள உக்காந்து பேசினீங்களே மேடம், ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டுக் கேக்கலியே. கேட்டிருந்தா ரூபா பேரத்தானே நான் சொல்லியிருப்பேன்? அவள மறிச்சு நின்னவ நான்தானே?”

பஸ் போய்விட்டது. நான் ஏற வேண்டிய பஸ்ஸும் வந்து போய்விட்டது, நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சமையல்காரரைக்கூட இழுத்துப் பேசியவள் நான். அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன் செய்த தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். பிரின்ஸ்பாலுக்கு மரியாதை செய்ய வேண்டுமா, பொன்னாடை வாங்கிப் போர்த்துங்கள், மாலை போடுங்கள், அவர் படத்தைப் பேனரில் பெரிதாகப் போடுங்கள். அந்தக் கோப்பையைத் தொடாதீர்கள். கமிட்டிக்காக உள்ளே போட்ட ஐந்து நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு வந்து கோர்ட் ஓரத்தில் போடுங்கள், பி.டி. இல்லாத கல்லூரியில் இருந்து வந்திருப்பவருக்கு ஆறாவதாக ஒன்று போடுங்கள். ஃபைனல் முடிந்ததும் தோற்ற டீம் பெண்களைக் கூப்பிட்டு, உங்களால் யாரைத் தடுக்க முடியவில்லை என்று கேளுங்கள். உங்கள் கேப்டனையும் கேளுங்கள். டீயும் பஜ்ஜியும் கோர்ட்டுக்கே வரட்டும், சாப்பிட்டுக்கொண்டே ஆட்டத்தைப் பாருங்கள்.